கடலக்காய் தொலிக்கற சத்தம்

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் நான் ஒண்ணும் எழுதலை. மஞ்சள் வெட்டு, வேக வெக்கற வேலை, ஆள் கெடைக்கலைன்னு காரணம் சொல்லலாம். அதெல்லாம் எல்லா வருஷமும் இருக்கறதுதான். நெசமான காரணம் வேற. நம்ம லேப்டாப்புல புள்ளி செத்துப் போச்சுங்க.

புள்ளின்னா மெய்யெழுத்து மேல வெக்கற புள்ளி. நான் தமிழ்99 முறையில அடிக்கறவன். அதுல இங்கிலீஷ் எஃப் இருக்கற எடத்துல தான் புள்ளி இருக்கு. சாமிக்கு வெச்ச சக்கரைப் பொங்கல்ல ஒரு பருக்கை உள்ள விழுந்திருக்கும் போல, எறும்பு குடி வந்துருச்சு. எறும்பை வெரட்டிட்டேன். ஆனா அந்த ஒரு பட்டன் மட்டும் மொதல்ல நாலு தட்டுக்கு ஒரு தட்டு வேலை செஞ்சுது, அப்புறம் அதுவும் இல்ல.

தமிழ்99-ல ஒரு வசதி, ஒரே மெய்யை ரெண்டு தடவை அடிச்சா மொத எழுத்துக்குத் தானாப் புள்ளி விழுந்துரும். ந அடிச்சுத் த அடிச்சா 'ந்த' ஆயிரும். அதனால நடுவுல வர்ற புள்ளி பாதி தப்பிச்சுது. கடைசியில வர்ற புள்ளிதான் போச்சு. 'அவன வந்தான, மாட்டைப பிடித்தான'னு ஒரு பக்கம் எழுதிப் பாத்தேன். ஓலைச்சுவடியில புள்ளி வெக்க மாட்டாங்களாம், எழுத்தாணி ஓலையைக் கிழிச்சுரும்னு. படிக்கறவங்களே இடம் பாத்துப் புள்ளி வெச்சுப் படிச்சுக்குவாங்க. அவங்க படிச்சது சங்கப் பாட்டு. நான் எழுதறது எருமைக்குச் சினை ஊசி போட்ட கதை. இதுக்கெல்லாம் யாரு புள்ளி வெச்சுப் படிக்கப் போறாங்க?

செல்போன்ல எழுதலாமேன்னு கேப்பீங்க. நாலு வருஷத்துக்கு முன்னால தட்டு வெட்டற மெஷின்ல என் வலது கை ஆள்காட்டி வெரல் நுனி மாட்டுன கதையை எழுதியிருந்தேன். வெரல் தப்பிச்சுது, நுனியில உணர்ச்சி தப்பிக்கலை. தோல் தடிச்சு, காய்ச்சுப் போயி கெடக்குது. தொடுதிரைக்கு அந்த வெரல் ஒரு வெரலே இல்ல. மத்த வெரலும் ஒண்ணும் பூ மாதிரி இல்லீங்க, மம்பட்டி புடிச்ச கைதான். ரேஷன் கடையில ரேகை வெக்கப் போனா அஞ்சு வெரலையும் மாத்தி மாத்தி வெச்சுப் பாக்கறதுதான் நடக்குது.

பேசுனா எழுதற வசதி இருக்குன்னு ஒருத்தர் சொன்னாரு. அதையும் பாத்தேன். 'காலையில எந்திரிச்சுக் கட்டுத்தரையை வழிச்சு விட்டேன்'னு சொன்னா 'கட்டுரையை விழித்து விட்டேன்'னு போடுது. சென்னைத் தமிழும் டிவித் தமிழும் அதுக்குப் புரியும் போல. நம்ம பேச்சுக்கு இன்னும் காது பழகலை.

வெளியில மாட்டற கீபோர்டு ஒண்ணு போன வருஷம் கோபியில 450 ரூபாய்க்கு வாங்குனது கெடந்துச்சு. அது மஞ்சள் மெருகு போடற சீசன்ல ஆசாரத்துல திறந்து கெடந்து, தூசி ஏறி, ஸ்பேஸ் பட்டன் அமுந்தா எந்திரிக்கறதில்ல. உள்ள பிரிச்சுப் பாத்தா எல்லாப் பட்டனுக்கும் சேத்து ஒரே ரப்பர் விரிப்பு, அதுக்கடியில ஒரு பிளாஸ்டிக் தாள். ஒரு எடத்துல போச்சுன்னா முழுசாத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

இப்படி எழுத்து நின்னு கெடந்தப்பத்தான் பண்ணாரி குண்டத்துக்கு அக்கா மகன் பெங்களூர்ல இருந்து வந்தாப்ல. கார் டிக்கியில இருந்து ஒரு அட்டைப் பொட்டி எடுத்து ஆசாரத்துல வெச்சாப்ல.

“மாமா, இது மெக்கானிக்கல் கீபோர்டு. நீங்க வெச்சுக்கோங்க.”

“ஏன் மாப்ள, நல்லாத்தான இருக்குது?”

“நல்லா இருக்குதுங்க. சத்தந்தான். கொழந்தை முழிச்சுக்குதுன்னு வீட்டுல சண்டை. ஆபீசுக்குக் கொண்டு போனேன், பக்கத்து சீட்டுக்காரன் எந்திரிச்சு வேற எடத்துக்குப் போயிட்டான். உங்க தோட்டத்துல யாரு கேக்கப் போறாங்க?”

வெலை 4500 ரூபாய்னு சொன்னாப்ல. உள்ள இருந்து எங்க வீட்டுக்காரி எட்டிப் பாத்தா. அந்தக் காசுக்கு எத்தனை மூட்டை மாட்டுத் தீவனம் வரும்னு கணக்குப் போடறது மொகத்துலயே தெரிஞ்சுது. வாயால ஒண்ணும் சொல்லலை, ஒரம்பரை முன்னால சொல்ல மாட்டா.

தூக்கிப் பாத்தேன். நல்ல கனம், ஒரு கிலோ பக்கம் வரும். ஏறக்குறைய ஒண்ணரை அடி நீளம். வலது பக்கம் கணக்குப் போடற நம்பர்க் கட்டம் தனியா இருக்கற முழு சைஸ், மொத்தம் 104 பட்டன். கெட்டியான ஒயர். பேட்டரி கெடையாது, சொருகுனா வேலை செய்யும். அன்னைக்கு ராத்திரி எல்லாரும் படுத்ததுக்கப்புறம் ஆசாரத்து மேஜையில வெச்சு அடிக்க ஆரம்பிச்சேன். மொத வார்த்தை புள்ளி வெச்ச வார்த்தையா இருக்கோணும்னு 'மஞ்சள்'னு அடிச்சேன். கடைசிப் புள்ளி டக்குனு விழுந்துச்சு. ரெண்டு மாசத்துக்கப்புறம் அந்தப் புள்ளியப் பாத்தது, கடை மடைக்கு வாய்க்கால் தண்ணி வந்து சேந்த மாதிரி இருந்துச்சு.

அரைமணி நேரம் போயிருக்கும். உள் ரூம்புல இருந்து அம்மா குரல்.

“யாரு சாமி அது, இந்நேரத்துல கடலக்காய் தொலிக்கறது?”

அம்மாவுக்கு 82 வயசு. அது சொன்னது ரொம்பச் சரி. ரெண்டு வெரலுக்கு நடுவுல காய்ஞ்ச கடலக்காயை வெச்சு அமுக்குனா வர்ற சத்தமேதான். நாய் கூட மொத நா ராத்திரி ரெண்டு தடவை வந்து ஜன்னல்ல எட்டிப் பாத்துட்டுப் போச்சு.

இந்தச் சத்தம் எங்கிருந்து வருதுன்னு மறு நா மாப்ள ஒரு பட்டனைக் கழட்டிக் காட்டுனாப்ல. மேல இருக்கற எழுத்துப் போட்ட மூடியைத் தனியா உருவிடலாம். அதுக்கடியில ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு குட்டி சுவிட்சு. உள்ள ஒரு பிளாஸ்டிக் தண்டு, ஒரு சுருள் ஸ்பிரிங்கு, ரெண்டு மெல்லிசான உலோகத் தகடு. அமுக்குனா தண்டு கீழ எறங்கித் தகடு ரெண்டும் ஒட்டும், எழுத்து விழும். மொத்தம் 4 மில்லிமீட்டர் எறங்கும், ஆனா 2 மில்லிமீட்டர்லயே எழுத்து விழுந்துரும். அடிமட்டம் வரைக்கும் குத்த வேண்டியதில்ல.

சுவிட்சுல ஜாதி இருக்குதுங்க, கலரை வெச்சுச் சொல்றாங்க. செவப்புன்னா வழுவழுன்னு எறங்கும், சத்தம் கம்மி. பழுப்புன்னா நடுவுல ஒரு சின்ன மேடு தட்டுப்படும். நீலம்னா அந்த மேட்டோட சேத்து டக்குனு ஒரு சத்தம், அமுக்கவும் கொஞ்சம் அதிக பலம் வேணும். ஜெர்மனியில செர்ரின்னு ஒரு கம்பெனி 1980-கள்ல கொண்டு வந்த முறை இது, இப்போ பல கம்பெனிக்காரங்க அதே மாதிரி செய்யறாங்க. நம்ம வீட்டுக்கு வந்தது நீலம்.

ஊரே ஒதுக்குன அந்த நீலந்தான் எனக்குச் சரியா அமைஞ்சுது. ஏன்னு சொல்றேன்.

தமிழ்99-ல உயிரெழுத்தெல்லாம் இடது கைக்கு, மெய்யெழுத்துல பெரும்பாலானது வலது கைக்கு. 1999-ல சென்னையில நடந்த தமிழ் இணைய மாநாட்டுக்கப்புறம் தமிழ்நாடு அரசு ஏத்துக்கிட்ட முறை அது. யோசிச்சு அமைச்சிருக்காங்க. 'அம்மா'ன்னு அடிக்க நாலே தட்டு. அதிகமா வர்ற எழுத்தை எல்லாம் பலமான வெரல் பக்கத்துல வெச்சிருக்காங்க. வலது ஆள்காட்டி வெரல் பங்குக்கு என்னென்ன வருது பாருங்க: க, ப, ர, ல, ள, ற. இந்த ஆறு எழுத்து இல்லாமத் தமிழ்ல ஒரு வரி எழுத முடியுமா? என் கையில செத்த வெரல் அதுதான்.

ரப்பர் கீபோர்டுல அந்த வெரலால அடிச்சா விழுந்துச்சா இல்லியான்னு வெரலுக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் திரையை நிமுந்து பாக்கோணும். இல்லீன்னா சந்தேகத்துல ஓங்கிக் குத்தோணும். சாயங்காலம் பாத்தா மணிக்கட்டுல இருந்து முழங்கை வரைக்கும் வலி. இதுல அப்படியில்ல. எழுத்து விழற எடத்துல டக்குனு சத்தம் வருது. வெரல் சொல்ல வேண்டியதைக் காது சொல்லிருது. ஒரு வாரத்துல குத்தறது நின்னு போச்சு. ஆள்காட்டி வெரலைப் பக்கத்துல வெச்சு நாலு வருஷமா நடு வெரல்ல அடிச்சுட்டு இருந்தவன், இப்போ க-வும் ப-வும் அந்த வெரல்லயே அடிக்கறேன். டாக்டர் தேய்க்கச் சொன்ன தைலத்தை விட இது நல்ல பயிற்சியா இருக்குது.

இன்னொரு நல்லது, ஒரு பட்டன் போனா அந்த ஒண்ணை மட்டும் மாத்திக்கலாம். எல்லா மாடல்லயும் முடியாது, சிலதுல சுவிட்சைப் பத்த வெச்சிருப்பாங்க. இதுல சொருகியிருக்காங்க. சின்ன இடுக்கி ஒண்ணு கூடவே வருது, புடிச்சு இழுத்தா சுவிட்சு வந்துரும், புதுசைச் சொருகிக்கலாம். சொட்டுநீர்க் குழாயில அடைச்சுக்கிட்ட டிரிப்பரை மட்டும் மாத்தற மாதிரி. ஒரு சுவிட்சு 5 கோடித் தடவை தாங்கும்னு கம்பெனிக்காரங்க கணக்கு. நானும் ஒரு கணக்குப் போட்டேன். ஒரு பதிவுக்கு ரெண்டாயிரம் வார்த்தை, வார்த்தைக்கு ஒரு புள்ளின்னு வெச்சாலும் ரெண்டாயிரம் தட்டு. 5 கோடி தேஞ்சு முடிய 25 ஆயிரம் பதிவு எழுதோணும். வாரத்துக்கு ஒண்ணுன்னா 480 வருஷம். எறும்பு விட்டாச் சரி.

குறையும் சொல்லோணும். கீபோர்டு உசரமா இருக்கறதால கையைத் தூக்கி வெச்சே அடிக்க வேண்டியிருக்குது. மொத மூணு நா மணிக்கட்டு வலிச்சுது. அப்புறம் ஒரு பழைய துண்டை நீளமா மடிச்சு முன்னால வெச்சேன், சரியாப் போச்சு. முழு சைஸ்ங்கறதால மேஜையில எடம் அடைச்சுக்குது. மவுஸ் எங்கியோ மூலைக்குப் போயிருச்சு, அதை எட்டிப் புடிக்கத் தோள்பட்டை நோகுது. நம்பர்க் கட்டம் வேண்டாங்கறவங்க அது இல்லாத சின்ன சைஸே வாங்கலாம். நான் பால் கணக்கும் கூலிக் கணக்கும் போடறவன், எனக்கு அது வேணும். பட்டனுக்கு இடையில குழி ஆழம், நம்ம ஊட்டுத் தூசிக்கு வாரம் ஒருக்கா பெயிண்ட் பிரஷ் போட்டுத் தட்டோணும்.

மஞ்சக் கையோட அடிச்சு மூடியெல்லாம் மஞ்சளாயிருச்சேன்னு ஒரு நா 104 மூடியையும் உருவிச் சோப்புத் தண்ணியில போட்டேன். கழுவித் தாவாரத்துல துணி விரிச்சுக் காயப் போட்டதுக்கப்புறந்தான் யோசிச்சேன், எது எங்க இருந்துச்சுன்னு போட்டோ எடுக்கலை. லேப்டாப்பைப் பக்கத்துல வெச்சுப் பாத்துப் பாத்து மாட்டறதுக்குள்ள பொழுது உழுந்துருச்சு. ரெண்டு மூடியைக் கோழி கொத்திட்டுப் போயி வாழைக்கடியில போட்டிருந்துச்சு. நீங்க கழுவுனா மொதல்ல போட்டோ எடுத்துக்கோங்க.

இதோட எழுதி முடிச்சிருக்கலாம். ஆனா சொல்ல வந்ததே இதுக்கப்புறந்தான்.

மாப்ள ஊருக்குப் போயி ரெண்டு வாரம் இருக்கும். மத்தியானம் வயக்காட்டுல இருந்து வந்தேன். மோட்டார் நின்னு போச்சு, பியூஸ் பாக்க வந்தது. வாசல்ல செருப்புக் கழட்டறப்ப ஆசாரத்துல இருந்து அந்தச் சத்தம். ஆனா நான் அடிக்கற சத்தம் இல்ல அது. நான் அடிச்சா டக்... டக்... டக்னு வரும், ஒருத்தர் கடலக்காய் தொலிக்கற மாதிரி. இது கல்யாண வீட்டுக்குப் பத்துப் பேரு உக்காந்து தொலிக்கற மாதிரி, விடாம, ஒரே சீரா வருது.

ஜன்னல் வழியாப் பாத்தேன். எங்க வீட்டுக்காரி. முதுகு நேரா வெச்சு உக்காந்திருக்கா. கண்ணு கீபோர்டு மேல இல்ல, லேப்டாப்பு மேலயும் இல்ல, எதுத்த செவத்துல இருக்கற காலண்டர் மேல. பத்து வெரலும் போகுது. ஒரு வரி முடியறப்ப எல்லாம் இடது கை தானா மேல எந்திரிச்சு, காத்துல எதையோ தேடிட்டு, மறுபடி எறங்குது. எனக்கு மொதல்ல புரியலை. அப்புறம் புரிஞ்சுது. டைப்ரைட்டர்ல வரி முடிஞ்சா வண்டியைத் தள்ளறதுக்கு இடது பக்கம் ஒரு கைப்புடி இருக்கும். அந்தக் கைப்புடியைத் தேடுது கை.

என்னையப் பாத்ததும் எந்திரிச்சுட்டா. மாவு தொட்ட கைன்னு நெனைச்சு நான் சத்தம் போடுவேன்னு பயந்தாளோ என்னமோ, முந்தானையில பட்டனைத் தொடைச்சா. திரையில முழுப் பக்கத்துக்கும் ஏ, எஸ், டி, எஃப், செமிகோலன், எல், கே, ஜே. தட்டெழுத்துப் பள்ளியில மொத நா குடுக்கற பாடம். ஒரு எழுத்துக் கூடத் தப்பில்ல.

“கை மறக்கலீங்க”ன்னா. அவ்வளவுதான். சோறு போடப் போயிட்டா.

அவ தட்டெழுத்து ஹையர் முடிச்சவ. இங்கிலீஷ், தமிழ் ரெண்டும். லோயர்னா நிமிஷத்துக்கு 30 வார்த்தை, ஹையர்னா 45. ஊர்ல இருந்து ரெண்டு மைல் நடந்து வந்து பஸ் ஏறி, சத்தியமங்கலத்துல ஒரு மணி நேரம் மெஷின்ல உக்காந்துட்டுத் திரும்பி வருவாளாம். மூணு வருஷம். கல்யாணத்துக்குப் பாக்கப் போனப்ப அவங்கப்பா அந்தச் சர்டிபிகேட்டைத்தான் மொதல்ல எடுத்துக் காட்டுனாரு. எங்கப்பா அதைத் திருப்பிப் பாத்துட்டு, 'நல்லது, கணக்கு வழக்குப் பாத்துக்கும்'னாரு.

1996-ல கல்யாணம். நாலு மாசம் கழிச்சு மாமனார் மொபெட்டுல வந்தாரு. கையில ஒரு கவரு. கல்யாணத்துக்கு முன்னால தட்டச்சர் வேலைக்கு விண்ணப்பம் போட்டிருந்தா, அந்தப் பரீட்சைக்கு ஹால் டிக்கெட். ஞாயித்துக்கெழமை, ஈரோட்டுல. எங்கப்பா வாங்கிப் படிச்சாரு. அந்த வாரம் மஞ்சள் நடவு. 'பண்ணயத்தைப் போட்டுட்டு இதென்னத்துக்கு, பாஸானா மட்டும் அனுப்பவா போறோம்'னாரு. கவரைப் பஞ்சாங்கம் வெக்கற மாடக்குழியில வெச்சாரு. மாமனார் காப்பி குடிச்சுட்டுப் போயிட்டாரு.

நான் அங்கதான் இருந்தேன். கயித்துக் கட்டல்ல உக்காந்து காப்பி குடிச்சுட்டு இருந்தேன். ஒரு நாளுதானே, நான் கூட்டிட்டுப் போயிட்டு வந்தர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்பாவுக்கு எதுத்துப் பேசற வீடு இல்ல எங்குளுதுன்னு இத்தனை வருஷமா எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஆனா அதே அப்பாகிட்ட அதே வருஷம் புது மோட்டார் வேணும்னு நான் ரெண்டு நா சாப்புடாமச் சண்டை போட்டிருக்கேன். அப்போ வாய் இருந்துச்சு. இதுக்கு வரலை. அவ எழுதியிருந்தாப் பாஸாயிருப்பாளான்னு யாருக்கும் தெரியாது. எழுதாமப் போனதுக்கு நான் சாட்சி.

அந்த ஞாயித்துக்கெழமை அவ வயல்ல வெதை மஞ்சள் எடுத்துக் குடுத்துட்டு இருந்தா. அதுக்கப்புறம் அந்தப் பேச்சை எடுத்ததில்ல. நானும் எடுக்கலை. 14 வருஷமா வீட்டுல கம்ப்யூட்டர் இருக்குது. அவ முன்னாலதான் நான் நாலு வெரலை வெச்சுத் தட்டுத் தடுமாறி எழுதிட்டு இருந்தேன். உனக்குத்தான் தெரியுமே, நீ அடிக்கிறியான்னு ஒரு நா கேட்டதில்ல. கேக்கோணும்னு தோணவே இல்லைங்கறதுதான் நெசம்.

அன்னைக்கு ராத்திரி உக்காந்து எ-கலப்பையைத் திறந்தேன். நான் பல வருஷமாத் தமிழ் அடிக்கறது அந்த இலவச மென்பொருள்லதான். கலப்பைன்னு பேரைப் பாத்துத்தான் அன்னைக்கு அதை எறக்குனேன். அதுல தமிழ்99 மட்டுமில்ல, பழைய டைப்ரைட்டர் முறையும் இருக்குது. யாழ்ப்பாணத்துக்காரரு ஆர். முத்தையான்னு ஒருத்தரு, மலேயா, சிங்கப்பூர்ப் பக்கம் இருந்தப்ப தமிழ்த் தட்டச்சு மெஷினுக்கு வழி பண்ணுனவரு. அந்த மெஷின் வழியில வந்த பழக்கந்தான் அவ கைக்குத் தெரியும். 'கெ' அடிக்கோணும்னா மொதல்ல கொம்பு, அப்புறம் க. எனக்குத் தலைகீழாத் தெரியுது. அவளுக்கு அதுதான் நேரு.

காலையில பால் கறந்து முடிச்சு வந்தவளைக் கூப்புட்டு, “அம்மிணி, இதுல உன்ற டைப்ரைட்டர் இருக்குது, பாரு”ன்னேன்.

“வேலை கெடக்குதுங்க”ன்னா. ஆனா உக்காந்தா. மொத வரியில மூணு தப்பு. ரெண்டாவது வரியில ஒண்ணு. மூணாவது வரியில நான் வெளிய வந்துட்டேன். பக்கத்துல நின்னு பாக்கறது சரியாப் படலை.

இந்த கீபோர்டு தான் வேணும்னு இல்ல, லேப்டாப்புலயே அவ அடிச்சிருக்கலாமேன்னு கேட்டுப் பாத்தேன். “அது தொட்டாப் போதும்ங்க, கைக்கு ஒண்ணுமே தெரியாது. இதுல அமுக்குனா அமுக்குன மாதிரி இருக்குது. மெஷின் சத்தம் வருது”ன்னா. டைப்ரைட்டருக்கு இதைப் போல பல மடங்கு பலம் வேணுமாம், சுண்டு வெரல் மொத மாசம் வீங்கிப் போகுமாம். அவ வெரல் வீங்குன கதை இத்தனை வருஷத்துல அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும்.

இப்போ மூணு வாரமா மத்தியானத்துல கீபோர்டு அவளோடது. மேக்கால தோட்டத்து அக்கா, வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் பட்டாவுல பேர் மாத்த நடையா நடக்கறாங்க. ஒவ்வொரு தடவையும் மனு எழுத 100 ரூபாய், 150 ரூபாய்னு வெளியில குடுத்துட்டு இருந்தாங்க. எங்க வீட்டுக்காரி உக்காந்து அடிச்சுக் குடுத்தா. அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை, சர்வே நம்பர் எல்லாம் கட்டம் கட்டுன மாதிரி நேரா நிக்குது. ஹையர் பரீட்சையில ரெண்டாவது பேப்பரு லெட்டரும் ஸ்டேட்மென்ட்டும் தானாம். அந்தக் காகிதத்தை அந்த அக்கா மடிக்காம, பைக்குள்ள அட்டை வெச்சுக் கொண்டு போனாங்க. பட்டா இன்னும் மாறலை. அது மாறறப்ப மாறும். அதுக்கப்புறம் இன்னும் ரெண்டு பேரு வந்துட்டாங்க. காசு வாங்கட்டுமான்னு என்னையக் கேட்டா. அதைய நீயே முடிவு பண்ணுன்னேன். காகிதத்துக்கும் மைக்கும் 20 ரூபாய்னு முடிவு பண்ணியிருக்கா.

ஒரு வேடிக்கை, நான் பெருசா நெனைச்ச நம்பர்க் கட்டத்தை அவ தொடறதே இல்ல. மேல் வரிசை நம்பர்தான் கைக்குப் பழக்கமாம்.

போன வாரம் அம்மா திண்ணையில உக்காந்து கேட்டுட்டு இருந்துச்சு. “இப்பப் பகல்லயுமா கடலக்காய் தொலிக்கறீங்க?”

“உம்மட மருமகதாம்மா. வேலைக்குப் படிச்சதை அடிக்கறா.”

அம்மா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சொல்லுச்சு: “அன்னைக்கு அந்தக் கவரை நாந்தான் எடுத்து அவ பொட்டியில வெச்சேன் சாமி. உங்கப்பன் அடுப்புல போட்டுரும்னு.”

உள்ள சத்தம் ஒரு நொடி நின்னுச்சு. அப்புறம் மறுபடி ஆரம்பிச்சுது.

வாங்கலாமான்னு கேக்கறவங்களுக்கு: ராத்திரி பக்கத்துல ஆள் படுத்திருக்கற வீடுன்னா நீலம் வேண்டாம், பழுப்போ செவப்போ பாருங்க. சுவிட்சு கழட்டி மாட்டற மாதிரி இருக்குதான்னு கேட்டு வாங்குங்க. மேஜை அளவு எடுத்துக்குங்க. வெரல் மரத்துப் போனவங்க, தையல் மெஷின்லயோ கரும்பு வெட்டுலயோ வெரல் அடிபட்டவங்க, காசு இருந்தா நீலத்தை ஒருக்கா அடிச்சுப் பாருங்க. வீட்டுல பழைய தட்டெழுத்துச் சர்டிபிகேட் வெச்சிருக்கற ஆள் யாராச்சும் இருந்தா, மொதல்ல அவங்களை உக்கார வெச்சுப் பாருங்க.

இந்தப் பதிவுல பாதிக்கு மேல நான் அடிக்கலை. நான் கட்டல்ல உக்காந்து சொல்லச் சொல்ல அவதான் அடிச்சா. ரெண்டு எடத்துல ஒற்று வரும்னு திருத்துனா. ஹால் டிக்கெட் கதை வந்தப்ப கையை எடுத்துட்டு, “இதைய எழுதோணுங்களா?”ன்னா.

எழுதோணும்னேன்.

“அப்படீன்னா வருஷத்தைச் சரியாப் போடுங்க”ன்னு சொல்லி, நான் 1997-ன்னு சொன்னதை 1996-ன்னு மாத்தி அடிச்சா.